கோடையில் லேனியர் ஏரி: மேல்நீரா, ஆழமா, இரவா?

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள லேனியர் ஏரிக்குப் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கப் போகிறவர்கள் எல்லாரும் எந்த இரையைக் கட்டுவது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எந்த நேரத்தில் ஏரியில் இருக்கப்போகிறோம், அந்த நேரத்தில் மீன் எந்த ஆழத்தில் நிற்கும் என்பவற்றைத் தீர்மானித்துவிட்டால் இரை தானாகவே முடிவாகிவிடும். தெளிந்த, ஆழமான ஏரிகளுக்கான கோடைக்கால முறைகள் என்று பத்துப் பன்னிரண்டு பெயர்கள் சொல்லப்பட்டாலும், நடைமுறையில் அவை மூன்று வழிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. இரையை மேல்நீரில் ஓட்டி மீனை மேலே வரவழைப்பது ஒரு வழி. மீன் நிற்கும் ஆழத்துக்கு இரையை நேராக இறக்குவது இன்னொரு வழி. வெயில் அடங்கிய பின் இரவில் கரையோரப் பாறைகளில் தேடுவது மூன்றாவது. வார இறுதியில் மட்டும் நேரம் கிடைக்கிற, சாதாரணப் படகும் இரண்டு மூன்று தூண்டில்களும் வைத்திருக்கிற ஒருவர் இம்மூன்றில் எதை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம் என்பதே இங்கே பேசப்படுகிறது.

ஏரியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1950களில் கட்டிய பியூஃபோர்டு அணையால் உருவான லேனியர், ஏறத்தாழ 38,000 ஏக்கர் பரப்புள்ளது. முழுக் கொள்ளளவில் அதன் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 1,071 அடி உயரத்தில் நிற்கிறது. அணைக்கு அருகே ஆழம் 150 அடியைத் தாண்டும். ஆறுகள் வந்து சேரும் வடபகுதி சற்றுக் கலங்கலாகவும், அணையை நெருங்கும் தென்பகுதி கோடையில் நன்கு தெளிந்தும் இருக்கும். அட்லாண்டாவின் வடக்குப் புறநகர்களான கம்மிங், ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் கிரீக் பகுதிகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது அருகிலேயே உள்ள ஏரி என்பதால், கோடை விடுமுறையில் கரையோரப் பூங்காக்களில் தமிழ்ப் பேச்சும் காதில் விழும்.

இந்த ஏரியில் கோடை மீன்பிடிப்பைத் தீர்மானிப்பது நீரின் அடுக்குதான். வெயில் ஏற ஏற மேல்நீர் சூடாகி, எடை குறைந்து, அடியிலுள்ள குளிர்ந்த நீரோடு கலக்காமல் தனி அடுக்காக மிதக்கிறது. ஜூலையில் மேற்பரப்பு 29 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது, இருபத்தைந்து முப்பது அடிக்குக் கீழே சில அடிகளுக்குள்ளாகவே வெப்பம் சட்டென்று இறங்கிவிடும். அணையின் அடியாழத்திலிருந்து திறந்துவிடப்படும் நீர் நடுக்கோடையிலும் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதற்கு, அணைக்குக் கீழே சட்டஹூச்சி ஆற்றில் குளிர்நீர் மீனான டிரவுட் வாழ்வதே சான்று. ஆனால் குளிர்ச்சியைத் தேடிப் பாஸ் மீன்கள் எண்பது அடிக்கு இறங்கிவிடும் என்று கணக்குப் போடக்கூடாது. வெப்பம் திடீரென்று மாறும் எல்லைக்குக் கீழே கோடை முற்ற முற்ற ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகிறது; ஆகவே கீழே நூறடி நீர் இருந்தாலும் பாஸ் மீன்கள் பெரும்பாலும் அந்த எல்லையை ஒட்டியும் அதற்குச் சற்று மேலேயும், அதாவது இருபது முதல் முப்பத்தைந்து அடி வரையிலான ஆழத்தில்தான் நிற்கின்றன. ஒலியலையால் நீரடியைத் திரையில் காட்டும் சோனார் கருவியின் உணர்திறனைச் சற்றுக் கூட்டி வைத்தால் அந்த எல்லை திரையில் மங்கலான கோடாகத் தெரியும். படகைக் கிளப்பியதும் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கோட்டைத்தான்.

அடுத்தது மீனின் குணம். லேனியரில் அதிகம் கிடைப்பது ஸ்பாட்டட் பாஸ். உயிரியலாளர்கள் இப்போது இதை அலபாமா பாஸ் என்று தனி இனமாகப் பிரித்திருந்தாலும், ஏரியில் எல்லாரும் 'ஸ்பாட்' என்றே சொல்கிறார்கள். லார்ஜ்மவுத் பாஸ் மீனைப் போலக் கரையோரப் புதரிலும் படகுத்துறை நிழலிலும் ஒட்டிக்கொண்டிருக்காமல், திறந்த நீரில் அந்தரத்தில் நின்று இரையைத் துரத்துவது இதன் இயல்பு. அட்லாண்டிக் கடலோரத்தைச் சேர்ந்த ப்ளூபேக் ஹெர்ரிங் என்ற சிறுமீன் லேனியரில் பெருகிய பிறகு இந்த இயல்பு இன்னும் கூர்மையாகிவிட்டது. ஹெர்ரிங் கூட்டம் ஓரிடத்தில் தங்காது; அது திறந்த நீரில் அலைய, ஸ்பாட் மீன்களும் பின்தொடர்கின்றன. அவை ஓய்வெடுக்கும் தாவளங்கள், ஏரிக்குள் நீண்டிருக்கும் நிலமுனைகளிலும் நீருக்கடியில் உள்ள மேடுகளிலும் மீன்பிடிப்போர் மூழ்கடித்து வைத்திருக்கும் மரக்கிளை, மூங்கில் குவியல்கள். 'பிரஷ் பைல்' எனப்படும் இவை பெரும்பாலும் இருபது முதல் முப்பதடி ஆழத்தில் இருக்கும். மேலே சொன்ன முதலிரண்டு வழிகளும் இந்தக் குவியல்களைச் சுற்றியே நடப்பவை.

மேல்நீர் முறையை விடியற்காலை ஒரு மணி நேரத்துக்கு உரியது என்று ஒதுக்குவது பொதுவான வழக்கம். பல ஏரிகளுக்கு அது சரியாக இருக்கலாம், லேனியருக்குப் பொருந்தாது. முப்பதடி ஆழத்துக் குவியலின் மேல் இருபதடியில் நிற்கும் ஸ்பாட் மீனுக்கு, தெளிந்த நீரில் தலைக்கு மேலே தத்தளிக்கும் இரை நன்றாகவே தெரிகிறது. ஹெர்ரிங்கை மேற்பரப்பில் மடக்கித் தின்று பழகிய அந்த மீன் பத்து மணி வெயிலிலும் செங்குத்தாக ஏறி வந்து அடிக்கும். இதற்கு வேண்டியது சிறிது காற்று. நீர் கண்ணாடி போல அசையாமல் கிடந்தால் மீன் மேலே வந்து, இரையை நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். மேற்பரப்பில் சிற்றலை ஓடினால் இரையின் உருவம் உடைந்து தெரிவதால் அதற்கு ஆராயும் வாய்ப்பு இருக்காது. காலையில் படகுத்துறையிலேயே காற்றின் திசையைப் பார்த்துவைத்து, அந்தக் காற்று நேராக மோதும் நிலமுனைகளை முதலில் போய்ப் பார்ப்பது நல்லது.

இரையாக நான்கைந்து அங்குல நீளமுள்ள, இடதும் வலதுமாக வளைந்து நடக்கும் பென்சில் வகைச் செயற்கை இரையே போதும். படகைக் குவியலின் மேல் கொண்டுபோய் நிறுத்தாமல் எழுபது எண்பதடி தள்ளி நிறுத்தி, இரையைக் குவியலைத் தாண்டி விழவிட்டு, தூண்டில் கம்பின் நுனியைக் கீழ்நோக்கி வைத்துச் சிறுசிறு வெட்டாக இழுக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் பின் தூண்டில் நரம்பு தளர்ந்தால்தான் இரை தலையைத் திருப்பும். இறுக்கமாகவே இழுத்தால் நேர்கோட்டில் வந்துவிடும். மீன் அடிக்கும் ஓசை கேட்டவுடன் கம்பைத் தூக்கிவிடுவது கையின் இயல்பு என்றாலும், ஸ்பாட் மீன் பலமுறை இரையை வாயில் கவ்வாமல் தட்டிப் பார்க்கும் என்பதால், கனம் கையில் ஏறும்வரை இழுப்பை மாற்றாமல் தொடர்வதே மீனைத் தரும். இந்த முறையின் பெரிய நன்மை வேகம். ஒரு குவியலில் ஐந்தாறு வீச்சுகளில் பதில் தெரிந்துவிடும். இல்லையென்றால் அடுத்த குவியலுக்கு நகரலாம். கிடைக்கும் மீனும் சராசரியில் சற்றுப் பெரியது. குறை என்னவென்றால், சனிக்கிழமை பத்தரை மணிக்கு மேல் ஏரியைக் குறுக்கும் நெடுக்கும் கடையும் வேகப் படகுகளும் ஜெட் ஸ்கீகளும் எழுப்பும் அலைகளில் இந்த இரையை ஒழுங்காக நடத்த முடியாது. காற்றின் சிற்றலை நமக்கு உதவுகிற அளவுக்குப் படகின் பேரலை கெடுத்துவிடும். ஆகஸ்டில் நாட்கணக்கில் காற்றே இல்லாமல் புழுங்கும்போதும் இந்த முறை சோர்ந்துவிடுகிறது.

அப்போது கைகொடுப்பது டிராப் ஷாட். ஜப்பானில் உருவாகி, 1990களின் இறுதியில் கலிபோர்னியாவின் தெளிந்த, ஆழமான ஏரிகள் வழியாக அமெரிக்காவில் பரவிய இந்த முறையில் ஈயம் அடியில் இருக்கும். தூண்டில் முள் அதற்கு ஓரடி அல்லது ஒன்றரையடி மேலே நரம்பிலேயே கட்டப்பட்டிருக்கும். முள்ளை பலோமர் முடிச்சில் கட்டி, மிச்சமுள்ள நரம்பு நுனியை முள்ளின் கண்ணுக்குள் மேலிருந்து கீழாக மறுபடி ஒருமுறை செலுத்திவிட்டால், முள் நரம்புக்குச் செங்குத்தாக, கூர் மேல்நோக்கி நிற்கும். இந்த ஒரு சிறு வேலையைச் செய்யாமல் விட்டால் முள் தொங்கிப்போய், மீன் கடித்தும் தைக்காது. நாலு முதல் ஆறு அங்குல மென்புழுவின் மூக்கில் மட்டும் முள்ளைச் செருகி, ஏழு முதல் பதினோரு கிராம் ஈயத்தோடு குவியலுக்கு நேர் மேலிருந்து இறக்கினால், ஈயம் அடியைத் தொட்டதும் புழு கிளைகளுக்கு மேலே மீனின் கண்ணுக்கு நேராக மிதந்து நிற்கும். அதை ஆட்டத் தேவையில்லை. படகின் அசைவே போதும் என்பது என் கருத்து. கை நடுங்குவதுபோலக் கம்பை ஓயாமல் உதறிக்கொண்டிருப்பவர்களுக்குச் சிறு மீன்கள்தான் அதிகம் கிடைக்கின்றன.

இந்த முறையில் கவனம் முழுவதும் இரை இறங்கும்போது இருக்க வேண்டும். முப்பதடி ஆழம் என்று திரை காட்டும் இடத்தில் நரம்பு இருபதடியிலேயே தளர்ந்து நின்றால், ஈயம் தரையைத் தொடவில்லை, மீன் வாயில் வாங்கிவிட்டது என்று பொருள். உடனே ரீலை மூடி, தளர்வைச் சுற்றியெடுத்து, கம்பை மெல்ல அழுத்தித் தூக்கினால் போதும். மெல்லிய முள்ளுக்கு ஓங்கி இழுக்கும் இழுப்பு வேண்டாம். நரம்பைப் பொறுத்தவரை, பத்துப் பவுண்டு தாங்கும் பின்னல் நூலின் முனையில் ஆறு அல்லது எட்டுப் பவுண்டு தாங்கும் ஃபுளோரோகார்பன் முன்நரம்பைப் பத்தடி நீளத்துக்குச் சேர்ப்பது வழக்கம். ஃபுளோரோகார்பனின் ஒளிவிலகல் எண் நைலானைவிட நீருக்குச் சற்று நெருக்கமானது என்பதால் கண்ணில் படுவது குறையும் என்கிறார்கள். நான் அதை விரும்புவதற்கு முதற்காரணம் கிளைகளில் உரசினாலும் அது தாங்குவதுதான்.

டிராப் ஷாட்டின் பலம் நம்பகத்தன்மை. காற்றில்லாத நாளிலும், உச்சி வெயிலிலும், பக்கத்தில் பத்துப் படகுகள் ஓடினாலும் முப்பதடிக்குக் கீழே உள்ள மீனுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் மாறிவிடுவதில்லை. புதிதாகக் கற்றுக்கொள்பவரும், வீச்சுத் தெரியாத பிள்ளைகளும்கூட நேராக இறக்கிப் பிடிக்கலாம். ஆனால் இதற்குக் குவியல் இருக்கும் இடம் துல்லியமாகத் தெரிய வேண்டும். படகை அந்த இடத்திலேயே நிறுத்திவைக்கும் ஜிபிஎஸ் வசதியுள்ள மின்மோட்டார் இல்லாவிட்டால், காற்றடிக்கும் நாளில் பாதி நேரம் படகைத் திருத்துவதிலேயே போய்விடும். இங்கேதான் இரண்டு முறைகளும் ஒன்றையொன்று நிரப்புகின்றன: காற்று மேல்நீர் முறைக்குச் சாதகம், டிராப் ஷாட்டுக்குத் தொல்லை, காற்றின்மை அதற்கு நேர் எதிர்.

ஆழத்துக்கென்று வேறு இரைகளும் உண்டு. ஈயத்தலையோடு கூடிய முள்ளான முக்கால் அவுன்ஸ் ஃபுட்பால் ஜிக்கைச் சரளைக்கல் முனைகளில் தரையோடு உருட்டி இழுப்பது பெரிய மீனைத் தரக்கூடியது. ஆனால் அந்தரத்தில் நிற்கும் மீனுக்கு அது பயன்படாது. கோடையில் லேனியர் மீன்களில் பெரும்பகுதி அந்தரத்தில்தான் நிற்கிறது. உலோக ஸ்பூனை நேராக இறக்கி ஆட்டுவது, சோனாரில் ஹெர்ரிங் கூட்டத்தின் கீழே பெரிய வளைவுகள் தெரியும் அந்தச் சில நிமிடங்களுக்கு மிகச் சிறந்தது. இழுக்கும்போது ஆழம் பாயும் மீன் வடிவச் செயற்கை இரைகளான கிராங்க்பெய்ட்டுகளைப் பொறுத்தவரை, டென்னசி, கென்டக்கி எல்லையிலுள்ள இன்னொரு தெளிந்த ஆழ ஏரியான டேல் ஹாலோவில் 1955 ஜூலை 9 அன்று டேவிட் ஹேய்ஸ் அவ்வகை இரையைப் படகின் பின்னால் இழுத்துச் சென்றுதான் 11 பவுண்டு 15 அவுன்ஸ் எடையுள்ள ஸ்மால்மவுத் பாஸ் மீனைப் பிடித்தார். இன்றுவரை அதுவே உலக சாதனை. ஆனாலும் கிளைக்குவியல்கள் நிறைந்த லேனியரில், முள் தொங்கும் விலையுயர்ந்த கிராங்க்பெய்ட்டுகளை ஆழத்தில் ஓட்டுவது அவற்றைக் குவியலுக்குக் காணிக்கை செலுத்துவதாகவே பெரும்பாலும் முடிகிறது.

இரவு மீன்பிடிப்பை ஒரு தனி வழியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பகலில் ஆழத்தில் நின்ற மீன்களில் ஒரு பகுதி இரவில் ஐந்து முதல் பதினைந்தடி ஆழத்துப் பாறைகளுக்கும் சரளைக்கல் கரைகளுக்கும் ஏறி வந்து நண்டு வகைகளைத் தேடுகிறது. கருப்பு அல்லது கருநீல நிறத்தில், ஒரே ஒரு பெரிய வட்டத் தகடு சுழலும் ஸ்பின்னர்பெய்ட்டைத் தகட்டின் துடிப்பு கம்பில் உணரப்படும் அளவுக்கு மெதுவாக இழுப்பதே பழைய, இன்றும் செல்லும் முறை. படகின் ஓரத்தில் புற ஊதா ஒளிவிளக்கைப் பொருத்தி, ஒளிரும் வகை நைலான் நரம்பைப் பயன்படுத்தினால், நீருக்கு மேலுள்ள நரம்பு வெள்ளைக் கயிறுபோலப் பளிச்சென்று தெரியும். மீன் தொட்டதும் அது பக்கவாட்டில் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெயில் இல்லை, கூட்டம் இல்லை, லார்ஜ்மவுத் கிடைக்கும் வாய்ப்பும் கூடுதல். ஆனால் அறிமுகமில்லாத நீரில் இரவில் படகோட்டுவது ஆபத்து. சிவப்பு, பச்சை, வெள்ளை விளக்குகள் சட்டப்படி எரிய வேண்டும். உயிர்காப்புச் சட்டையைக் கழற்றக்கூடாது. பகலில் ஒருமுறையாவது சுற்றிப் பார்த்த சிறு பகுதிக்குள் மட்டும் மெதுவாக நகர வேண்டும். தனியாகப் போகிறவருக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன். படகே இல்லாமல் கரையிலிருந்து பிடிப்பவருக்கோ கோடையில் அந்திக்குப் பின்னும் விடியலுக்கு முன்னும் உள்ள நேரமே உண்மையான வாய்ப்பு. பூங்கா திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

முன்னோக்கிக் காட்டும் நேரடி சோனார் பற்றிக் கேட்காதவர்கள் இப்போது இல்லை. 2018இல் கார்மின் நிறுவனத்தின் லைவ்ஸ்கோப் வந்த பிறகு, அந்தரத்தில் நிற்கும் ஒற்றை மீனைத் திரையில் பார்த்து அதன் மூக்குக்கு முன்னால் இரையை விழவிடுவது சாத்தியமாகியிருக்கிறது. போட்டி அமைப்புகளே இதன் பயன்பாட்டுக்கு வரம்பு விதிக்கத் தொடங்கிவிட்ட அளவுக்கு அது வலிமையானது என்பதை மறுக்க முடியாது. ஆனால் சாதாரணப் படகின் விலையில் கணிசமான பங்கை விழுங்கும் அந்தக் கருவியை, மீன் கோடையில் எங்கே நிற்கும் என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே வாங்குகிறவர்கள், திரையைப் பார்த்துக்கொண்டே காலியான நீரில் நாளைக் கழிப்பதையும் காணலாம். வழக்கமான சோனாரும் நல்ல வரைபடமும் தொடக்கத்துக்குப் போதும்.

முறையைத் தேர்ந்தெடுக்கும்போது பலர் கணக்கில் சேர்க்காதது மீனின் கதி. முப்பதடியிலிருந்து வேகமாக மேலே கொண்டுவரப்படும் பாஸ் மீனின் காற்றுப்பை, அழுத்தம் குறைவதால் வீங்கிவிடுகிறது. விட்டதும் அது பக்கவாட்டில் சாய்ந்து, கீழே இறங்க முடியாமல் மிதக்கும். மேற்பரப்பு 30 டிகிரியில் கொதிக்கும்போது அந்த மிதப்பே அதற்குச் சாவாகிவிடலாம். ஊசியால் காற்றை வெளியேற்றும் முறை ஒன்று உண்டு. பழகாத கையில் அது உள்ளுறுப்பைக் குத்திவிடும். மீனின் கீழ்த்தாடையைக் கவ்வும் இறக்கு கருவியில் எடை கட்டி இருபதடிக்கு இறக்கிவிடுவதே பாதுகாப்பானது. படகிலுள்ள நீர்த்தொட்டியில் மணிக்கணக்கில் வைத்திருந்து படம் எடுத்துவிட்டு விடுவது ஆழத்து மீனுக்கு ஏறத்தாழ மரண தண்டனை. மேல்நீர் இரைக்குத் தானாக ஏறிவந்த மீனுக்கு இந்தத் தொல்லை குறைவு. எனவே பிடித்துப் பிடித்து விடுகிற பழக்கமுள்ளவர் கோடையில் மேல்நீரையும் இரவையும் கூடுதலாக நாடுவது நியாயம். குழம்புக்கென்று இரண்டு மூன்று மீன் போதும் என்று வருகிறவருக்கு டிராப் ஷாட்டே நேர்வழி: வேண்டியதை எடுத்துக்கொண்டு நிறுத்திவிடலாம். ஸ்பாட் மீனின் சதை வெண்மையும் உறுதியும் உள்ளது, புளிக்குழம்பில் கரையாது. பதினாறு வயது நிரம்பியவர்களுக்கு மாநில மீன்பிடி உரிமம் கட்டாயம். எந்த அளவுக்கு மேல் எத்தனை மீன் எடுக்கலாம் என்பதை அந்த ஆண்டு விதிகளில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே ஒருவருக்கு ஒரே ஒரு முறையைத்தான் கற்றுக்கொள்ள நேரமிருக்கிறது என்றால், என் தேர்வு டிராப் ஷாட். அது ஏரியின் அடியைப் படிக்கக் கற்றுத்தருகிறது. குவியல் எங்கே, மீன் அதன் எந்தப் பக்கத்தில், எந்த ஆழத்தில் நிற்கிறது என்பது ஓரிரு கோடைகளில் மனத்தில் பதிந்துவிடும், அந்த அறிவு மேல்நீர் முறைக்கு அப்படியே பயன்படும். எதிர்வழியில் தொடங்குகிறவர், மீன் மேலே வராத நாளில் ஏன் வரவில்லை என்பதை அறிய வழியில்லாமல் திரும்புகிறார். இரண்டு தூண்டில்கள் இருக்குமானால், ஒரே குவியலில் முதலில் தள்ளிநின்று மேல்நீரில் ஐந்தாறு வீச்சு, பதில் இல்லையென்றால் நெருங்கிச் சென்று டிராப் ஷாட் என்ற வரிசையை மாற்றக்கூடாது. முதலில் குவியலின் மேல் படகை ஏற்றிவிட்டால் மேல்நீர் வாய்ப்புப் போய்விடும்.

நேரத்தைப் பொறுத்தவரை, விடிவதற்கு அரைமணி முன்பே நீரில் இறங்கி, கூட்டம் வரும்வரை மேல்நீரும், அதன்பின் பிற்பகல் ஒரு மணிவரை ஆழமும் பார்ப்பது வார இறுதிக்கு ஏற்றது. பிற்பகலில் வடக்கு ஜார்ஜியாவில் கோடை இடிமழை திரள்வது வழக்கமானது. திறந்த ஏரியில் நீண்ட கம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரம் அதுவல்ல. கருவிக்குச் செலவிடுவதில் முதல் தொகை ஏழடி நீள, நடுத்தர வலுவுள்ள ஸ்பின்னிங் ராடுக்கும் 2500 அளவு ரீலுக்கும் போகட்டும். டிராப் ஷாட்டுக்கு அது பொருத்தமானது. முன்நரம்பைச் சற்றுத் தடித்ததாக மாற்றிக் கட்டினால், சிறிய பென்சில் இரையையும் அதே தூண்டிலில் வீசலாம்.